திரும்பி வந்த வரன்கள்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது ‘ஏழடி திருமணத் தகவல் மையம்’. கடலூர், கள்ளக்குறிச்சி, அரியலூர் என்று சுற்று வட்டாரத்துப் பெண்கள், பையன்களின் ஜாதகம், போட்டோ, படிப்பு, உயரம், அப்பா பார்க்கும் வேலை எல்லாம் அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குள் அடைந்து கிடந்தன. பதிந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்றுவிட்டவர்களின் விவரங்கூட அழியவில்லை. ‘முடிந்தது’ என்று ஒரு குறியை மட்டும் போட்டு அப்படியே விட்டிருந்தார்கள்.

அந்த சர்வருக்கு வயதாகிவிட்டது. வெயில் ஏறினால் தானே அணைந்துபோகும். ஏசியைக் கூட்டி வைத்து, பக்கத்தில் மேசை விசிறி ஒன்றையும் சுழலவிட்டு, நோயாளியைக் காப்பாற்றுவதுபோல வேல்விழிதான் அதைக் காப்பாற்றிக்கொண்டு வந்தாள். முப்பதைக் கடந்தவள். படித்து முடித்ததும் இங்கே சேர்ந்தாள். கல்யாணமும் இங்கேதான் அமைந்தது. அவள் புருஷன் பாண்டியன் செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு, சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் மின்கம்பத்துப் பீங்கான் செய்யும் கம்பெனி ஒன்றில் சூளையைப் பார்த்துக்கொள்கிறவன். அவனுடைய ஜாதகத்தை கம்ப்யூட்டரில் ஏற்றியதே வேல்விழிதான்.

மையத்தின் முதலாளி நீலாவதி. ஒரு காலத்தில் போட்டோ ஆல்பத்தைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போனவர். புது சர்வர் வாங்கச் சம்மதிக்க அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது. வாங்கிய பிறகு அதில் எப்படிக் குடியேறுவது என்று பேசுவதற்குப் புதுச்சேரியிலிருந்து அன்புச்செல்வன் வந்தான். புது சர்வரை விற்ற கம்பெனியின் இன்ஜினியர். எதிலும் அவசரக்காரன்.

“ஒரு ஞாயித்துக்கிழமை ஆபீஸ மூடிருங்க மேடம். பழசுல இருக்கிறத அப்படியே அள்ளிப் புதுசுல கொட்டிட்டா முடிஞ்சுது வேலை” என்றான்.

“அள்ளும்போது பழசு நடுவுல படுத்துக்கிச்சின்னா என்னாங்க சார் பண்றது?” என்று கேட்டாள் வேல்விழி. “ரெண்டையும் கொஞ்ச நாளு சேத்து ஓட விடலாம். பழசுல பதியிறதெல்லாம் புதுசுலயும் வந்து விழட்டும். ரெண்டும் ஒத்துப்போவுதான்னு பாத்துட்டு அப்புறம் மாறிக்கலாம்.”

“ஒரு மாசம் இழுக்கும்.”

“இழுக்கட்டுமே.”

நீலாவதி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்கு ஒண்ணுதான். ஆவணியில ஒருநாளும் மூட முடியாது. அப்புறம், எது போனாலும் திருப்பி எடுக்க பேக்கப் இருக்குதுல்ல?”

“தினமும் எடுத்துக்கிட்டுதாங்க மேடம் இருக்குது” என்றாள் வேல்விழி.

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போய்ப் பார்த்தாள். தினமும் எடுக்கிறது என்பதற்கு அடையாளமாகத் திரையில் பச்சை டிக் விழுந்துகொண்டிருந்தது; அதை அவள் தினமும் பார்த்தாள். அதற்குப் பின்னால் இருந்த கோப்புகளை மட்டும் பார்த்ததில்லை. இடம் நிறைந்துபோய் பல மாதமாகிவிட்டது. ஒவ்வொரு நாளும் பெயருக்கு ஒரு கோப்பு உண்டாகியிருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. வாராவாரம் நீலாவதி வீட்டுக்குப் போகும் டிஸ்க்கிலும் அதே வெற்றுக் கோப்புகள்தான் போய்ச் சேர்ந்திருந்தன. இத்தனை பேருடைய விவரமும் எந்தத் துணையும் இல்லாமல், விசிறிக் காற்றில் உயிர் பிழைத்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு மெஷினில்தான் இருக்கிறது.

அவள் எதையும் மறைக்கவில்லை. நேரே போய்ச் சொன்னாள்.

“திட்டக்குடி பக்கம், நம்ம மங்களூர்ல என் தம்பி வூட்டுல ஒரு டிஸ்க்கு கெடக்குது” என்றார் நீலாவதி. “வெள்ளம் வந்தப்போ பயந்துபோய் எடுத்துக் குடுத்தது. நாலஞ்சி வருஷம் இருக்கும்.”

சனிக்கிழமை காலையில் திட்டக்குடி பஸ்ஸில் அந்த டிஸ்க் வந்து சேர்ந்தது, வேட்டித் துணியில் சுற்றி. அதற்குள் வேல்விழி பழைய சர்வரிலிருந்து முழுசாக ஒரு புது நகல் எடுக்க ஆரம்பித்திருந்தாள். அது மெதுவாக நகர்ந்தது, சாயங்காலம் வரை ஆகும் போலிருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அன்புச்செல்வன் ஒரு யோசனை சொன்னான்.

“மங்களூர் டிஸ்க்க புது சர்வர்ல ஏத்திப் பாப்பமா? பழைய டேட்டாவா இருந்தா என்னா. ஏறுதா, எவ்ளோ நேரம் எடுக்குதுன்னு தெரிஞ்சிக்கலாம்ல.”

தப்பில்லாத யோசனை. அவளே சொல்லியிருக்க வேண்டியது. ஏற்றினார்கள். பதினோரு மணிபோல முழுசாக ஏறி முடிந்து டேட்டாபேஸ் கண் திறந்தது. உள்ளே போய்ப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. இப்போது கல்யாணமாகிவிட்டவர்கள்கூட நாலைந்து வருஷத்துக்கு முந்தைய நிலையில், ‘காத்திருப்பில்’ என்ற குறியோடு வரிசையாக நின்றார்கள். மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

“டீ சொல்லுங்க சார்” என்றாள்.

டீ வருவதற்குள் அவள் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள்.

‘வணக்கம் வேல்விழி. உங்கள் ஜாதகத்துக்குப் பொருத்தமான புதிய வரன்: கார்முகில், செராமிக் டிப்ளமோ. மேலும் வரன்களைப் பார்க்க விருப்பமா? 1 என்று பதில் அனுப்பவும். – ஏழடி.’

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அதே நேரம் பாண்டியன் கூப்பிட்டான். பின்னால் சூளைப் பக்கத்து இரைச்சல், அதற்கு மேலே நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம்.

“எனக்கு உங்க ஆபீஸ்ல பொண்ணு பாத்திருக்காங்க” என்றான். “சிதம்பரமாம். டீச்சராம். இங்க எல்லாரும் சம்மதம்னு சொல்லச் சொல்றாங்க. நீ என்னா சொல்ற?”

வேல்விழி போனைக் காதில் வைத்தபடியே திரும்பிப் புது சர்வரைப் பார்த்தாள். அதன் முகப்பில் பச்சை விளக்குகள் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தன.

தினமும் காலையில் வரன்களுக்குச் செய்தி அனுப்பும் புரோகிராம் தனியாக எங்கேயும் இல்லை. டேட்டாபேசுக்குள்ளேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அதை எழுதியதே அவள்தான். டேட்டாபேஸ் எழுந்தால் அதுவும் எழும். எழுந்ததும் என்ன பார்க்கும்? அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள், ஒருவருக்கும் செய்தி போய் வருஷக்கணக்காகிறது என்று பார்க்கும். விடுபட்ட அத்தனை பேருக்கும் அனுப்பும். புது சர்வருக்கு அன்புச்செல்வன் இன்டர்நெட்டைக் கொடுத்திருந்தான், ஏதோ இறக்குவதற்காக.

அவள் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினாள். விளக்குகள் நின்றன. அன்புச்செல்வன் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றான்.

“எவ்ளோ பேருக்குப் போச்சி?” என்று கேட்டான், புரிந்ததும்.

அவள் பார்த்தாள். கிட்டத்தட்ட எல்லாருக்கும் போய்விட்டிருந்தது. வயரைப் பிடுங்கியதில் தப்பித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அதற்குள் முன் அறையில் போன்கள் அலற ஆரம்பித்துவிட்டன. வரவேற்பில் இருக்கும் அமுதவள்ளி ஒன்றை எடுத்து வைப்பதற்குள் அடுத்தது அடித்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் மாடியேறி வந்து, “என் வூட்டுக்காரருக்கு நீங்க எப்படிப் பொண்ணு காட்டலாம்?” என்று கேட்டாள். ஒருவர் போலீசுக்குப் போவேன் என்றார். இன்னொருவர் உண்மையாகவே ‘1’ அனுப்பிவிட்டு மற்ற வரன்கள் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

வேல்விழியும் ஒரு போனை எடுத்தாள். எதிர்ப்பக்கம் ஒரு பெரியவரின் குரல். கோபமே இல்லாத குரல்.

“நான் சாமிக்கண்ணு பேசறேம்மா. கம்மாபுரம். என் பொண்ணு ராஜலட்சுமிக்கு மாப்பிள்ள வந்திருக்குதுன்னு மெசேஜ் வந்துது.”

“தப்பா வந்துடுச்சிங்க ஐயா. மன்னிச்சிடுங்க. அவங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சிங்களா?”

“இல்லம்மா. தவறிட்டா. மூணு வருஷம் ஆவுது.” “அவ நம்பர நான்தான் வச்சிருக்கேன். அதுல அவ பேரப் போட்டு வந்துது. அதான் யாருன்னு கேக்கலாம்னு போன் பண்ணேன்.”

அவள் பேனாவை எடுத்து ‘ராஜலட்சுமி, கம்மாபுரம்’ என்று எழுதிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் அவர், “சரிம்மா, வச்சிடறேன்” என்றார்.

அன்று அவள் எப்படி வீட்டுக்குப் போனாள் என்பதே அவளுக்குச் சரியாக நினைவில்லை. பாண்டியன் கிண்டல் பேச வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டான். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆபீசுக்கு வந்து, நீலாவதி சொல்லச் சொல்ல அவளே ஒரு மன்னிப்புச் செய்தியைத் தட்டச்சு செய்தாள். ‘நேற்று வந்த செய்தி எங்கள் கம்ப்யூட்டரை மாற்றும்போது நேர்ந்த தவறு. நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ எங்களிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை, பதியவில்லை. மன்னிக்கவும்.’ இந்த முறை அனுப்பும் முன் நாலு தரம் சரிபார்த்தாள். யார் யாருக்குத் தவறான செய்தி போனதோ அவர்கள் எல்லாருக்கும் இதுவும் போய்ச் சேர்ந்தது.

இதோடு ஓய்ந்தது என்று நினைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஆபீசைத் திறக்கும்போது மாடிப்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயது. மடியில் ஒரு துணிப்பை. கன்னத்தில், காதுக்குக் கீழே சிவந்து கன்றிப்போயிருந்தது.

“இங்க மெசேஜ் அனுப்புனது யாருங்க?” என்றாள்.

“நான்தாங்க” என்றாள் வேல்விழி.

அவள் பெயர் கனிமொழி. மங்களூர் பக்கத்துப் பெண். படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் அப்பா இங்கே பதிந்து வைத்திருந்தார். வரன் என்னவோ சொந்தத்திலேயே அமைந்தது; அதை அப்போதே இங்கேயும் சொல்லிவிட்டார். கட்டிக்கொடுத்தது சேத்தியாத்தோப்பில். புருஷன் செந்தமிழன், உரக்கடை வைத்திருக்கிறான். சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேல் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் கிடந்த போன் சிணுங்கியது. மாமியார் சொர்ணாம்பாள் எடுத்து மகனிடம் படிக்கச் சொன்னார். ‘மேலும் வரன்களைப் பார்க்க விருப்பமா?’

“நான் கைய தொடச்சிக்கிட்டு வரத்துக்குள்ள அடி விழுந்துடுச்சி” என்றாள் கனிமொழி. “எப்போ பதிஞ்ச, எத்தன நாளா நடக்குதுன்னு கேக்கறாங்க. எனக்கு என்னா கேக்கறாங்கன்னே வெளங்கல. போனைப் புடுங்கிக்கிட்டு வெளிய போன்னுட்டாங்க. அப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணியிருக்குது, அங்க போய்ச் சொல்ல முடியாது. இங்க கூடப் படிச்ச பொண்ணு வூட்டுல ரெண்டு நாளா இருக்கறேன்.” பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “நீங்க வந்து அது தப்பா வந்ததுன்னு சொன்னா போதுங்க. வேற எதுவும் வேணாம்.”

இந்த ரெண்டு நாளும் வேல்விழி பயந்துகொண்டிருந்தது போலீசுக்கும், பேப்பரில் வருவதற்கும், வேலை போவதற்கும்தான். டேட்டாபேசில் ஒரு வரியாக இருந்த பெயர் கன்னத்தில் காயத்தோடு வந்து எதிரே உட்காரும் என்று அவள் நினைக்கவே இல்லை.

நீலாவதி செருப்பை மாட்டிக்கொண்டார். “வா, போவலாம்” என்றார்.

மூவரும் காரில் சேத்தியாத்தோப்புக்குப் போனார்கள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் கனிமொழி முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டாள்.

வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. சொர்ணாம்பாள் வாசலில் நின்று பார்த்தார், வா என்று சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. செந்தமிழன் கடையிலிருந்து வந்தான். முரடன் மாதிரித் தெரியவில்லை. சட்டைப் பையில் பேனா செருகிய, அமைதியான ஆள். நாற்காலி எடுத்துப் போட்டான்.

வேல்விழி உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். பழைய மெஷின், புது மெஷின், மங்களூரிலிருந்து வந்த டிஸ்க், தான் மறந்துபோன புரோகிராம். தன் புருஷனுக்கே பெண் காட்டிச் செய்தி போனதைச் சொல்லி, தன் போனை எடுத்துக் காட்டினாள். “எனக்கே மாப்பிள்ள வந்துதுங்க, பாருங்க. இது முழுக்க என் தப்பு. உங்க வூட்டுல அவங்களுக்கு இதப் பத்தி ஒண்ணுமே தெரியாது.”

சொர்ணாம்பாள் முகம் கொஞ்சம் இளகியது. “மெசினு பண்ண கோளாறா” என்றார், யாரிடமோ போல.

“நேத்தே எல்லாருக்கும் மன்னிப்பு கேட்டு இன்னொரு மெசேஜ் அனுப்பினோம்” என்றார் நீலாவதி. “உங்களுக்கு வந்து சேரல போலருக்குது.”

“வந்துதுங்க” என்றான் செந்தமிழன்.

“என்னாங்க?”

“நேத்து மத்தியானம் வந்துது. படிச்சேன்.”

வேல்விழிதான் கேட்டாள். “படிச்சிட்டும் ஏங்க இவங்களக் கூப்புடல?”

அவன் ஒன்றும் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. “நானே போய் இட்டுக்கிட்டு வரலாம்னுதான் இருந்தேன். ரெண்டு நாளு ஆவட்டுமேன்னு பாத்தேன். பொம்பளைக்குக் கொஞ்சம் பயம் இருந்தா நல்லதுதானங்க” என்றான். நீலாவதியைப் பார்த்து, பெரியவர்களுக்குப் புரியும் என்பதுபோலச் சிரித்தான். “சரி, வா உள்ள. நீங்க ரெண்டு பேரும் மோரு சாப்ட்டுட்டுப் போங்க.”

வேல்விழி கனிமொழியைத் திரும்பிப் பார்த்தாள். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தாள். கனிமொழி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண் சிமிட்டாமல். அடி வாங்கியபோதுகூட அந்த முகம் இப்படி வெளுத்திருக்காது. நேற்று மத்தியானம் அவள் சிநேகிதி வீட்டில், வாசலில் எந்த வண்டி நின்றாலும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பின்னால் ஒருநாள் சொன்னாள்.

“என் போனக் குடுங்க” என்றாள் கனிமொழி.

அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மாமியார் மோர் கலக்கப் போனார். திரும்பி வந்தபோது கனிமொழியின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது, சர்டிபிகேட் வைக்கும் பை. துணிப்பையை அவள் கீழே வைக்கவே இல்லை.

“போவலாங்க” என்றாள் நீலாவதியிடம்.

“என்னாம்மா, அதான் எல்லாம் சரியாப் போச்சே” என்றார் சொர்ணாம்பாள், சொம்போடு நின்றபடி.

“அவங்க பண்ண தப்பு சரியாப் போச்சிங்க அத்தை” என்றாள் கனிமொழி. செருப்பைப் போட்டுக்கொண்டாள். செந்தமிழன் இரண்டு முறை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், இரண்டாவது முறை கொஞ்சம் பயந்த குரலில். அவள் நிற்கவில்லை.

காரில் ஏறாமல் கூட்டு ரோட்டு பஸ் நிறுத்தத்துக்கே நடந்தாள். வேல்விழி பின்னாலேயே போனாள்.

“என்னாலதாங்க எல்லாம்” என்றாள்.

“மெசேஜ் உங்களாலதான். அத நான் இல்லன்னு சொல்லல” என்றாள் கனிமொழி. “ஒரு வார்த்த கேக்காம அடிச்சாரு பாருங்க, அதக்கூட ஏதோ கோவம்னு பொறுத்துக்கலாம்னு இருந்தேன். எம்மேல தப்பில்லன்னு தெரிஞ்ச அப்புறமும் ராத்திரி நிம்மதியா சாப்ட்டுப் படுத்துருக்காரு.” திட்டக்குடி பஸ் வந்தது. “அப்பாகிட்டயே போறேன். சொல்ற விதமா சொல்லிக்கிறேன். போயிட்டு வரேங்க.”

பஸ் போன பிறகும் வேல்விழி அங்கேயே நின்றாள். நீலாவதி வந்து கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

மறு வாரம் அன்புச்செல்வன் திரும்பவும் வந்தான். இந்த முறை ஒரே நாளில் அள்ளிக் கொட்டிவிடலாம் என்று அவன் வாயே திறக்கவில்லை. வேல்விழி சொன்ன வழியிலேயே பழசும் புதுசும் சேர்ந்து ஓடின. ஒத்திகைக்கு எடுக்கும் எந்த நகலிலும் முதல் வேலையாகப் போன் நம்பர்களை எல்லாம் அழித்துவிட வேண்டும், இன்டர்நெட் வயரைச் செருகவே கூடாது என்று ஆயிற்று. பேக்கப் எடுத்தால் போதாது. மாதத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து, உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். இதற்கெல்லாம் நீலாவதி உடனே தலையாட்டினார். ஒன்றுக்குத்தான் தயங்கினார். கல்யாணம் முடிந்தவர்கள், தவறிப்போனவர்கள் விவரத்தை அடியோடு அழித்துவிடலாம் என்றாள் வேல்விழி.

“இருவது வருஷமா சேத்தது வேல்விழி. நான் பஸ்ஸுல அலைஞ்சி சேத்தது.”

“தெரியுங்க மேடம். ஆனா அவங்க யாரும் வச்சிக்கச் சொல்லிக் குடுக்கல. ஒரு கல்யாணத்துக்குன்னு குடுத்தாங்க.”

நீலாவதி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சம்மதித்தார். ஒரு புதன்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் புது சர்வருக்கு மாறினார்கள். அமுதவள்ளி திரும்பி வந்து வழக்கம்போல ஒரு வரனைப் பதிந்தாள், மாறியதே அவளுக்குத் தெரியவில்லை. வேல்விழி மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அது சிணுங்கிவிடுமோ என்று மாலைவரை உட்கார்ந்திருந்தாள். சிணுங்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் கனிமொழி கூப்பிட்டாள். திட்டக்குடியில் ஒரு ஸ்கூல் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். அப்பா முதலில் ஒரு வாரம் பேசாமல் இருந்தாராம். அப்புறம் ஸ்கூலுக்கு அவரே வண்டியில் கொண்டுவந்து விடுகிறாராம். செந்தமிழன் இரண்டு தடவை வந்து போயிருக்கிறான். அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

“ஒண்ணு கேக்கணும்னுதான் பண்ணேங்க” என்றாள். “என் பேரு அங்க இன்னும் இருக்குதா?”

“இல்லீங்க. எடுத்தாச்சி.”

“எல்லா எடத்துலயும் பாத்தீங்களா? டிஸ்க்கு, அது இதுன்னு சொன்னீங்களே.”

“பாத்துட்டேங்க. எதுலயும் இல்ல.”

எதிர்ப்பக்கம் ஸ்கூல் மணி அடித்தது. பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. “அப்போ சரிங்க” என்றாள் கனிமொழி. வேல்விழி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், “உள்ள கூப்புடறாங்க, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.